சம்மதப் படிவத்தில் எழுதப்படும் நேரம்

மருத்துவ மர்மக் கதைகளில் அறுவை மருத்துவர் வழக்கில் சிக்கினால், குற்றம் பெரும்பாலும் அறுவை அரங்குக்குள்தான் நடந்திருக்கும். மாற்றி ஏற்றப்பட்ட மருந்து, வயிற்றுக்குள் வைத்துத் தைக்கப்பட்ட பஞ்சு, கூண்டில் ஏறி உண்மையைக் கொட்டிவிடும் செவிலியர் என்று கதை விறுவிறுவென முடிந்துவிடும். நுகர்வோர் ஆணையத்தில் மருத்துவ வழக்குகளை நடத்தும் எனக்கும் அக்கதைகள் பிடிக்கும். ஆனால், என்னிடம் வரும் வழக்குக் கட்டுகளில் நான் முதலில் தேடுவது சம்மதப் படிவத்தைத்தான்.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த டெல்லி வழக்கில் வில்லன் எவரும் இல்லை. 1995-இல், 44 வயதான, திருமணமாகாத பெண்ணொருவர், நோயைக் கண்டறிவதற்கான லேப்ராஸ்கோப்பிக்கு (வயிற்றில் சிறு துளையிட்டு, கேமரா வழியே உள்ளே பார்க்கும் முறை) சம்மதம் அளித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் உதவி மருத்துவர் கையெழுத்து வாங்கிவர, கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. மருத்துவர் நல்லெண்ணத்துடனேயே செயல்பட்டார் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், சுயநினைவு திரும்பியதும் தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்றும், நோயறியும் சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்றும் கூறி, மருத்துவருக்கான கட்டணத்தை மறுத்ததோடு 25,000 ரூபாய் இழப்பீடும் வழங்கியது. அகற்றப்பட்டதை எண்ணினால் அத்தொகை மிகச் சிறியது என்பது என் கருத்து.

கதைகளில் வருவதுபோல் மருத்துவரை அன்றிரவே கைது செய்துவிடவும் முடியாது. குற்ற வழக்கில் நடவடிக்கை எடுக்கும் முன் அத்துறை சார்ந்த நடுநிலை மருத்துவரின் கருத்தைக் காவல்துறை பெற வேண்டும் என்று 2005-லேயே உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது.

நோயாளியோ அவர் அதிகாரமளித்த உறவினரோ கேட்டால், மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு விதிமுறை. எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கிக்கொள்ளுங்கள். நுகர்வோர் புகாருக்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள் என்பதால், துக்கம் ஆறட்டும் என்று காத்திருப்பவர்கள் பலர் வழக்கையே இழந்துவிடுகிறார்கள்.

ஒரு வழக்கில், என் கட்சிக்காரர் அப்படிக் கேட்டு வாங்கிய கேஸ் ஷீட்டில் மயக்க மருந்து கொடுக்கத் தொடங்கிய நேரம் காலை 10.15 என்றிருந்தது, அவரே கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட சம்மதப் படிவத்தில் 10.40. எதிர்த்தரப்பு விளக்கமளிக்க இரண்டு முறை வாய்தா வாங்கியது. மூன்றாவது வாய்தாவில் சமரசத்துக்கு வந்தது.