வயிற்றில் பிள்ளை, வீட்டைச் சுற்றிப் புகை: யாரிடம் என்ன கேட்கலாம்?

கர்ப்பிணி சுவாசிக்கும் காற்றுக்கென்று இலங்கையில் தனிச்சட்டம் இல்லை. இருப்பதெல்லாம் நாலைந்து இடத்தில் சிதறிக் கிடக்கும் விதிகளும், கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் சேவையும்தான். அவற்றைச் சேர்த்துப் பிடித்தால் திருகோணமலையில் இருக்கும் ஒரு தாய்க்கு ஓரளவு உதவும்.

முதலில், ஏன் இந்தக் கவலை? புகையில் உள்ள பிஎம் 2.5 என்ற நுண்துகள் நுரையீரலோடு நிற்பதில்லை. தாய் சுவாசித்த கரித்துகள் நச்சுக்கொடியில் பிள்ளையின் பக்கம் வரை போய்ச் சேர்ந்திருந்ததை பெல்ஜியம் ஆய்வாளர்கள் 2019 இல் கண்டார்கள். நெதர்லாந்தின் ரொட்டர்டாமில், கர்ப்பகாலத்தில் தாய் கூடுதல் மாசுக் காற்றில் இருந்த பிள்ளைகளின் மூளையை 6 முதல் 10 வயதில் ஸ்கேன் செய்தபோது, மூளையின் வெளிப்படலமான மேற்பட்டை சில இடங்களில் மெலிந்திருந்தது. இது தொடர்புதான். புகை பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்தத் தாய்மார் அநேகமாக எல்லோரும் இருந்தது ஐரோப்பாவின் அப்போதைய வரம்புக்குள், அதாவது கனமீற்றருக்கு 25 மைக்ரோகிராமுக்குள். நம் நாட்டின் 2008 ஆம் ஆண்டு வர்த்தமானியில் உள்ள ஆண்டுச் சராசரி வரம்பும் அதே 25தான். உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் சொல்வது 5. ஆகவே ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் அதோடு ஆறுதலடைந்துவிட வேண்டாம்.

வாடைக் காலத்தில் வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் தூசுக்கு நாம் அதிகம் செய்ய முடியாது. 2022 டிசம்பர் 9 அன்று அதற்காகவே பாடசாலைகளை மூடினார்கள். அப்படியான நாட்களில் ஜன்னலைச் சாத்தி வீட்டுக்குள் இருப்பதே வழி.

பக்கத்து வளவில் எரியும் குப்பை வேறு கதை. பிளாஸ்டிக் உட்பட குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டம்பரில் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டது. பி.எச்.ஐ.யிடமோ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), உள்ளூராட்சி மன்றத்திடமோ, மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமோ முறையிடலாம். நெல் ஆலை, தொழிற்சாலைப் புகையென்றால் அதிகார சபைக்கே போங்கள். அந்த இடத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். மூடிய பொது இடங்களில் புகைத்தலை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. வீட்டுத் திண்ணையில் சிகரெட் பிடிக்கும் அப்பாவை எந்தச் சட்டமும் தடுக்காது. அதை வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும்.

குசினிக்கும் சட்டம் வராது. மூதூரிலும் குச்சவெளியிலும் இன்னும் எத்தனையோ அடுப்பு விறகில்தான் எரிகிறது. 2022 இல் காஸ் இல்லாமல் போனபோது டவுனிலும் விறகுக்குத் திரும்பினார்கள். ஈர விறகு பிடிக்காவிட்டால் ஒரு சொப்பிங் பேக்கைச் செருகிக் கொளுத்துவது நம் பழக்கம். அதை இன்றோடு விடுங்கள், காய்ந்த பொச்சு போதும். நுளம்புத்திரியும் லேசுப்பட்டதல்ல: ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003 இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. டெங்குக்குப் பயந்து திரி கொளுத்துகிறவர்கள் வலை கட்டிக்கொள்ளலாம்.

இங்கேதான் மிஸ்ஸி, அதாவது குடும்பநல உத்தியோகத்தர், தேவைப்படுகிறார். கர்ப்பம் எட்டு வாரம் ஆகுமுன்பே அவரிடம் பதிந்துகொள்ளுங்கள். கலியாணம் முடிந்த கையோடு சொல்லிவைத்தால் இன்னும் நல்லது. கிளினிக்கும் போலிக் அசிட்டும் திரிபோஷா சத்துமாவும் இலவசம், வீட்டுக்கு வந்து பார்ப்பதும் அவர் வேலை. அவர் வரும்போது இரத்த அழுத்தத்தோடு பேச்சை முடித்துவிடாமல் குசினிக்கும் கூட்டிப் போங்கள். எந்த அடுப்பு, புகைபோக்கி உண்டா, யார் புகைக்கிறார்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். புகையில் நிற்கிற வேலையை வீட்டில் வேறொருவர் எடுக்கவேண்டும் என்று மருமகள் சொன்னால் சண்டை. மிஸ்ஸி சொன்னால் மாமி கேட்பார்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதமும் பிந்திய மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ தீங்கான வேலையைக் கொடுக்கக்கூடாது என்கிறது அது. எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. மூளையாகவும் முள்ளந்தண்டாகவும் மாறப்போகும் நரம்புக்குழாய் கருத்தரித்து நாலு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. சட்டமோ கடைசி மூன்று மாதத்தில்தான் கண் விழிக்கிறது. எனவே முன்கூட்டியே வைத்தியரிடம் கடிதம் வாங்கி முதலாளியிடம் கொடுங்கள். சரிவராவிட்டால் தொழில் திணைக்களம்.

முறைப்பாட்டை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். திகதி, நேரம், என்ன எரிந்தது, வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்பது, போனில் எடுத்த படம் எல்லாம் சேர்த்து எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். யாரும் அசையவில்லையென்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின்படி பொதுத் தொல்லையை நீக்க நீதவான் கட்டளையிடலாம். அங்கே போகும்போது முதலில் தேடுவது அந்த முத்திரையிட்ட பிரதியைத்தான்.