கை பிரேக்குக்குள் ஒரு "டிக்"

திருகோணமலை நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர் தன் மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: "கால் பிரேக்கை மிதிச்சா பின் லைட் எரியுது. கை பிரேக்கைப் பிடிச்சா எரியுதில்லை. பல்ப் ரெண்டு தரம் மாத்திட்டன். வேற என்ன செய்யலாம்?"

பாவம், அந்தப் பல்பை விட்டுவிடுங்கள். காலுக்கு எரிகிறது என்றால் பல்ப், ஃபியூஸ், எர்த் எல்லாம் நலம். கைக்கு ஒரு சுவிட்ச், காலுக்கு ஒரு சுவிட்ச், இரண்டும் பள்ளிக்கூடத்தில் படித்த சமாந்தர இணைப்புத்தான். மிஞ்சுவது கைப்பிடியின் அடியில் இருக்கும் சின்னக் கறுப்புச் சுவிட்சும் அதன் இரண்டு வயர்களும். சாவியைப் போட்டு, அந்த வயர்களைக் கழற்றி, முனைகளை ஒன்றோடொன்று தொடுங்கள். லைட் எரிந்தால் பழுது சுவிட்சில். எரியாவிட்டால் வயரில்.

சரி, இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பிரேக்கைப் பிடிக்கும்போது நாம் அந்தச் சுவிட்சை அமுக்குகிறோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் கதை தலைகீழ். சும்மா இருக்கும்போதுதான் பிரேக் பிடி ஒரு சின்னக் குமிழை அமுக்கிக்கொண்டே இருக்கிறது. பிடியை இழுத்ததும் குமிழ் விடுபடும், உள்ளே "டிக்" என்று கேட்கும், லைட் எரியும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள்.

அந்த "டிக்" எதற்கு? அணைந்து குளிர்ந்திருக்கும் பல்பு இழையின் தடை, அது எரியும்போது இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். 21 வாட் பல்ப் எரியும்போது எடுப்பது 1.75 அம்பியர், எரியத் தொடங்கும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு பாயும். அந்த நேரம் பார்த்து இரண்டு உலோக முனைகள் ஆடி அசைந்து மெல்லத் தொட்டால் பொறி பறக்கும், முனை கருகும். நம் கையோ சில நேரம் மெதுவாகத்தான் பிடிக்கும்.

ஜாம் போத்தல் மூடியின் நடுவை விரலால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். கொஞ்சத் தூரம் முரண்டு பிடிக்கும், பிறகு ஒரே பாய்ச்சலில் "டொக்" என்று உள்ளே போகும். சுவிட்சுக்குள் இருக்கும் மெல்லிய வில் தகடும் அப்படித்தான். அதில் ஒரு பகுதி இழுபட்டு நிற்க, இன்னொரு பகுதி வளைந்து நெருக்குண்டு நிற்கும். குமிழ் ஓர் எல்லையைத் தாண்டியதும் தகடு மறுபக்கம் புரளும். எல்லையைத் தாண்டுவது மட்டும் நம் கை. அதற்குப் பிறகு வேகத்தைத் தீர்மானிப்பது வில். நீங்கள் ஆமை போலப் பிடித்தாலும் முனைகள் பாய்ந்துதான் சேரும். அணையும் இடம் எரியும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால், ரோட்டுக் குலுக்கலில் லைட் மின்னி மின்னி எரிவதும் குறைவு. 1930களில் வந்த யோசனை இது. இன்றும் எனக்கு அலுக்கவில்லை.

திருகோணமலையில் இதற்கு எமன் உப்பு. சோடியம் குளோரைட்டு காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சிக் கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அதைவிட வறண்ட காற்றிலேயே அது கசியத் தொடங்கும். வாடைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். செம்பில் பச்சை படியும், தடை ஏறும். மூன்று ஓம் ஏறினாலே போதும், பல்பின் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். கால் பிரேக்குக்குப் பளிச்சென்றும் கை பிரேக்குக்கு மங்கலாகவும் எரிந்தால், அது இந்த நோயின் தொடக்கம்.

இந்த ஊரில் புது வண்டிச் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்காதவர் குறைவு. நாவூறு கழிகிறதோ என்னவோ, உப்பு கழியாது. கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள் பத்துச் சுவிட்சைப் பலகையில் அடித்துக் கடற்கரையில் வைத்து, மாதாமாதம் தடையை அளந்தால் நல்ல ஆய்வு. ஒரு மல்டிமீட்டர் காசு போதும். இப்படிச் சின்னக் கேள்விகளுக்குத்தான் எங்கள் நாட்டில் நிதி கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் புகைச்சல்.

கேட்ட வாசகருக்கு: முதலில் கான்டாக்ட் கிளீனர் (மின்முனைகளைச் சுத்தமாக்கும் ஸ்பிரே) அடித்து, குமிழை இருபது முப்பது தரம் அமுக்கி விடுங்கள். சரிவராவிட்டால் புதுச் சுவிட்ச் போடுங்கள். போட்ட பிறகு லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பிரேக் பிடியில் குமிழை அமுக்கும் இடம் தேய்ந்திருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள்.