புதுச்சேரி வீதிகளில் நான்கு பேய்கள்

புதுச்சேரியின் பழைய நகரப் படத்தில், நகரைச் சுற்றிவரும் அகன்ற சாலையான நீள்வட்டப் புல்வாருக்குள் வீதிகள் கட்டம் போட்ட தாள் மாதிரி நேராக வெட்டிக்கொள்ளும். மே விடுமுறையில் அக்கா பிள்ளைகளுக்காக அதை ஒரு சார்ட் பேப்பரில் வரைந்தேன். வீதி நெடுகப் புளியங்கொட்டை, பேய்களுக்கு நான்கு கலர் பொத்தான்கள். 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி உருவாக்கிய, துரத்தும் நான்கு பேய்களிடம் சிக்காமல் சந்துகளில் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும் பேக்-மேன் வீடியோ கேமைத் தரையில் உட்கார்ந்து ஆட வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

வரைவது சுலபம். பேய்களுக்காக யார் யோசிப்பது? 1982இல் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட பலகை ஆட்டத்தில் புள்ளிகளுக்குப் பதில் கோலிக்குண்டுகள். பேய்களை ஆடுகிறவர்களே நகர்த்துவார்கள். எனக்கு அது குறையாகப் படுகிறது. இந்த ஆட்டத்தின் உயிரே பேய்களின் குணம்தான்.

கணினியிலும் அவை பெரிதாக யோசிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்குக் கட்டம் உண்டு. முனைக்கு வந்ததும், எந்தப் பக்கம் திரும்பினால் இலக்கு நேர்கோட்டில் கிட்டத்தில் இருக்கும் என்று மட்டும் பார்க்கும். துரத்தும்போது தானாக வந்த வழியே திரும்பாது. சிவப்புக்கு இலக்கு நாம் நிற்கும் கட்டம். இளஞ்சிவப்புக்கு, நம் முகம் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் தள்ளி. ஆரஞ்சு தூரத்தில் இருந்தால் துரத்தும். எட்டுக் கட்டத்துக்குள் வந்துவிட்டால் தன் மூலைக்கு நழுவிவிடும்.

நேரு வீதியும் மிஷன் வீதியும் சேரும் முனையில் கடற்கரையைப் பார்த்து நிற்கிறீர்கள் என்று வையுங்கள். சிவப்பு, காந்தி வீதிப் பக்கமிருந்து முதுகுக்குப் பின்னால் வரும். இளஞ்சிவப்பு, பெரிய வாய்க்கால் பக்கம் போய் வழிமறிக்கும். இரண்டும் பேசிவைத்து மடக்குவது போலவே இருக்கும். ஆனால் ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியவே தெரியாது!

நேர்கோட்டுத் தூரத்துக்குப் பிதாகரஸ் கணக்கு வேண்டும். முனைக்கு முனை வர்க்கம் போட்டுக்கொண்டிருந்தால் ஆட்டம் படுத்துவிடும். அதனால் இப்படி வைத்தோம்: கிழமேல், தென்வடல் இரண்டில் எதில் இடைவெளி அதிகமோ அந்தப் பக்கம் போ. இரு பக்கமும் வழி இருந்தால் இதுவும் கணினியின் விடையும் ஒன்றுதான். இலக்கு கிழக்கே 5, வடக்கே 3 கட்டம் என்றால் தூரத்தின் வர்க்கம் 25 + 9 = 34. கிழக்கே ஒரு கட்டம் போனால் 16 + 9 = 25; வடக்கே போனால் 25 + 4 = 29. கிழக்குதான் கிட்டம்.

நீலப் பேய்தான் சிக்கல். நமக்கு இரண்டு கட்டம் முன்னே ஒரு புள்ளி. சிவப்பிலிருந்து அதற்கு ஒரு கோடு. கோட்டை அதே நீளத்துக்கு மேலும் நீட்டினால் வருவது அதன் இலக்கு. இதற்கு ஒரு நூல் போதும்.

அப்புறம் வேகம். நமக்கு முறைக்கு 3 கட்டம். ஒவ்வொரு பேய்க்கும் இரண்டு தாயக்கட்டை. கட்டைக்கு 0, 1, 2, 3 என்று நான்கு முகம். ஆக 16 விதமாக விழலாம். அதில் 4 விதத்தில் கூட்டுத்தொகை 3. ஒரே விதத்தில்தான் 6. சராசரியும் 3தான். தாய ஆட்டத்தில் இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12 என்போம். இங்கே பேய் அசையாது.

மூன்றாம் ஆட்டத்தில் சின்னவள் இளஞ்சிவப்பு வரும் வீதியிலேயே அதை எதிர்த்து நடந்தாள். பெரியவன் கத்தினான். மூன்று கட்டத் தூரத்துக்கு நெருங்கியதும் இலக்கு பேயின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பேயால் வந்த வழியே திரும்பவும் முடியாது. அடுத்த முனையில் அது பக்கத்து வீதிக்குள் ஒதுங்க, அவள் புளியங்கொட்டைகளை அள்ளிக்கொண்டு போனாள்.