சோஷியல் ரோபோ: தமிழில் எப்படிச் சொல்வது?

'ரோபோ' செக் மொழியிலிருந்து வந்த சொல். அங்கே 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய வேலை. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி'யும் கிட்டத்தட்ட இதுதான். 1920இல் வெளியான தன் 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில் வரும் செயற்கைத் தொழிலாளர்களுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்த கரேல் சாப்பெக்குக்கு இதை எடுத்துக் கொடுத்தவர், ஓவியரான அண்ணன் யோசெப்.

சரி, முன்னால் 'சோஷியல்' சேர்ந்தால்? சுமை தூக்கவோ தரை பெருக்கவோ அல்ல, ஆளோடு பழகுவதற்கென்றே செய்த ரோபோ. முகம் பார்க்கும், பேர் சொல்லிக் கூப்பிடும், பதிலுக்குக் காத்திருக்கும். 1990களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சிந்தியா பிரெசீல் உருவாக்கிய கிஸ்மெட் இதன் முன்னோடி. உடம்பே கிடையாது, புருவமும் காதும் உதடும் அசைகிற வெறும் தலை.

பள்ளிப் பிள்ளைகளோடு அதிகம் புழங்கியது பிரான்சில் உருவான நாவோ, 58 செ.மீ. உயரம். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரின் இ.பி.எஃப்.எல். தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வைத்து 'கோரைட்டர்' என்றொரு முயற்சி செய்தார்கள். எழுதத் தடுமாறும் பிள்ளைக்கு இந்த ரோபோ பாடம் நடத்தாது. காற்றில் கையை அசைக்கும். டேப்லெட்டில் ஓர் எழுத்து கோணல்மாணலாக விழும். பிள்ளை அதைத் திருத்தி எழுதிக் காட்டினால், அடுத்த முறை நாவோவின் எழுத்து கொஞ்சம் தேறும். எப்போதும் திருத்தப்படுகிற பிள்ளை இங்கே வாத்தியார்! திரையை மட்டும் வைத்தும் எழுத்துப் பயிற்சி தரலாம்தான். ஆனால் எதிரே உட்கார்ந்து தப்புத் தப்பாக எழுத ஒரு மாணவன் வேண்டுமே. 'சோஷியல்' என்பதன் பொருள் அதுதான்.

அதனால்தான் பத்திரிகைகள் எழுதும் 'சமூக ரோபோ' எனக்கு ஒட்டவில்லை. ஏதோ சமூக சேவைக்குப் போகிற ரோபோ போலத் தொனிக்கிறது. 'பழகு எந்திரம்' என்பேன். 'எந்திரன்' என்றால் ஆணாகிவிடும். 'எந்திரம்' ஒன்றும் புதுச்சொல் அல்ல. 'கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்' என்கிறது ஐங்குறுநூறு. யானைக்கு எதிர்க்குரல் கொடுக்கிற ஆலை!

அப்புறம், இந்த ரோபோக்களைப் பற்றிய ஆய்வுகளில் வரும் இன்னொரு சொல், 'லேர்னிங் டிஸெபிலிட்டி'. நம் நாட்டிலும் அமெரிக்காவிலும் இது படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது ஆகியவற்றில் வரும் சிக்கல்; 'கற்றல் குறைபாடு' சரியாகப் பொருந்தும். பிரிட்டனின் மருத்துவத் துறையோ அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை இப்படிச் சொல்கிறது. அங்கே நாட்டிங்காம் நகரில் நாவோவோடு பழகிய மாணவர்கள் இந்த வகையினர். அந்த ஆய்வுகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'அறிவுசார் குறைபாடு' என்றே எழுத வேண்டும்.