புஷ்-புல் எண்டா என்ன, தமிழ்ல எப்பிடிச் சொல்லலாம்?

பழைய வால்வு (காத்தெடுத்த கண்ணாடிக் குழாய்) அம்பிளிபயர், அதாவது சத்தத்தைக் கூட்டிற பெட்டி, வச்சிருக்கிற ஆக்கள் "இது புஷ்-புல் செட்" எண்டு பெருமையாச் சொல்லுவினம், ஆனா அந்தப் பேரை நம்பி ஒண்டு தள்ள மற்றது இழுக்குது எண்டு நினைக்கக்கூடாது, ஏனெண்டா வால்வுக்குத் தள்ளத் தெரியாது, கரண்டை இழுக்க மட்டும்தான் தெரியும். அவுட்புட் ட்ரான்ஸ்போமரில நடுவால சப்ளை வரும், ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு வால்வு நிண்டு ஒண்டு கூட இழுக்கேக்க மற்றது குறைச்சு இழுக்கும். மரமறுக்கிற ரெட்டைப்பிடி வாள்ல ரெண்டு பேரும் இழுக்கிறதுதானே, ஆரும் தள்ளுறேல்ல, அதுமாதிரி.

அமெரிக்காவில எட்வின் கோல்பிட்ஸ் எண்ட எஞ்சினியருக்கு இதுக்குக் காப்புரிமை கிடைச்சது 1915இல.

சரி, சத்தம் ஏன் சுத்தமா வருது? ஒரு வால்வுக்குப் போற சிக்னலைத் தலைகீழாக்கித்தான் மற்றதுக்குக் குடுக்கிறது. வால்வுக்குள்ள போறதுக்கும் வெளியில வாறதுக்கும் கோடு கீறினா அது வளைஞ்சிருக்கும், நேர்கோடில்லை, அதால ஒவ்வொண்டும் ரெண்டாம், நாலாம் ஹார்மோனிக்கை (மூலச் சத்தத்தின்ர அதிர்வெண்ணைப்போல ரெண்டு மடங்கு, நாலு மடங்கில வாற சத்தத்தை) தன்பாட்டில சேர்க்கும். கூத்து என்னெண்டா சிக்னலைத் தலைகீழாக்கினாலும் இந்த இரட்டை எண் ஹார்மோனிக் புரளாது, ரெண்டு வால்விலயும் ஒரே பக்கமாத்தான் நிக்கும், ட்ரான்ஸ்போமரோ ரெண்டுக்கும் இடையில இருக்கிற வித்தியாசத்தை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும், எண்டபடியா அது கழிபட்டுப் போயிடும். அவுட்புட் வால்வுக்கு சப்ளையால வாற ஹம்மும் (உம்மெண்ட இரைச்சலும்) அப்பிடித்தான் அடங்குது. மூண்டாம், அஞ்சாம் ஹார்மோனிக் கழியாது, அதுக்கு நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியில வாறதில கொஞ்சத்தைத் தலைகீழா உள்ளுக்குத் திருப்பிக் குடுக்கிறது) வேணும்.

இதெல்லாம் ரெண்டு வால்வும் ஒண்டுபோல இழுத்தாத்தான். எங்கட திருகோணமலை உப்புக்காத்துக்கு சொக்கெட் காலில பச்சை பிடிச்சிடும், வெளியில பாத்தா ரெண்டு இஎல்34 வால்வும் வடிவா எரியும், உள்ளுக்க ஒண்டு அரைவாசிதான் இழுக்கும். பிறகென்ன, கழிபடவேண்டியது மிச்சமா நிண்டு கோயில் லவுட்ஸ்பீக்கரில நாதஸ்வரம் கரகரக்கும்.

இனித் தமிழ். எங்கட இலங்கை ஏ.எல் (உயர்தர) பௌதிகவியல்ல அம்பிளிபயர் விரியலாக்கி, தமிழ்நாட்டில பெருக்கி, இப்பிடிச் சத்தம் கெடுற டிஸ்டோர்ஷன் திரிபு. புஷ்-புல்லைத் தள்ளு-இழு எண்டு அப்பிடியே எழுதினா இங்கிலீசுப் பேரில இருக்கிற பிழையும் சேர்ந்து வருது. என்னைக் கேட்டா "எதிரிழு விரியலாக்கி" நல்லாப் பொருந்தும். ஆனா கடையில போய் எதிரிழு எண்டு கேட்டு நிக்காதேங்கோ, புஷ்-புல்லுக்கு மெட்ச் பண்ணின சோடி வால்வு எண்டு கேளுங்கோ.