மெல்லிய மணிக்கூடும் கிணற்றடித் தண்ணீரும்

ஆடி பிறந்தால் மணிக்கூடு திருத்தும் என் மேசைக்கு ஒரே மாதிரியான மணிக்கூடுகள் வரத் தொடங்கிவிடும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் திரும்புகிறவர்கள் கனடாவிலும் இலண்டனிலும் சுவிஸிலும் இருந்து அப்பாவுக்கோ மாமாவுக்கோ கொண்டுவந்து கொடுத்தவை. மெல்லிய கூடு, முகப்பில் சின்னச் சின்ன வட்டங்கள், வலப்பக்கம் சாவிக் குமிழுக்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொரு பொத்தான். குரோனோகிராப் என்று பெயர்; நேரம் காட்டுவதோடு, பொத்தானை அமத்தி ஓடவிட்டு நிறுத்தி நேரத்தை அளக்கவும் உதவுவது. அதன் விலைக்கு இங்கே ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். கண்ணாடியின் உட்புறத்தில் மட்டும் மார்கழிப் பனி போல ஒரு மூட்டம்.

"அண்ணை, இதில முப்பது மீற்றர் எண்டு போட்டுக் கிடக்கு. அப்பா கிணத்தடியில நிண்டு நாலு வாளி வாத்தவர், அவ்வளவுதான். பிறகு எப்பிடித் தண்ணி போனது?"

கேட்ட தம்பி ரொறன்ரோவில் இருந்து வந்தவர். ஆறு வருஷம் தான் கட்டிய மணிக்கூட்டை அப்பாவின் அறுபதாம் கலியாணத்துக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். இடையில் இரண்டு தரம் பற்றரி மாற்றியிருக்கிறார்கள். குளிக்கும்போது மணிக்கூடு எங்கே இருந்தது என்று கேட்டேன். முதலில் கிணற்றுக்கட்டில் கழற்றி வைத்தாராம், நல்ல மத்தியான வெயில். உடுப்புத் தோய்த்து முடிந்ததும், விழுந்துவிடும் என்று பயந்து எடுத்துக் கையில் கட்டிக்கொண்டு குளித்தாராம்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. முப்பது மீற்றர் என்ற சொல்லை ஆழம் என்று நினைப்பதால்தான் குழப்பம். அது ஆழம் அல்ல, அழுத்தம். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்த ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ ஒரு 'பார்'. 30 மீற்றர் என்றால் புதிதாக இருந்தபோது 3 பார் அழுத்தத்தைத் தாங்கியது என்று பொருள். சாதாரண மணிக்கூடுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 22810 தரநிலையில், ஒரு தொகுதியிலிருந்து சிலவற்றை எடுத்துச் சோதித்தால் போதும். சுழியோடிகள் கட்டும் மணிக்கூடுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்ற வேறு தரநிலை இருக்கிறது. அதில் ஒவ்வொரு மணிக்கூடும் தனித்தனியாகச் சோதிக்கப்பட வேண்டும். எப்படி இருந்தாலும் அந்த இலக்கம் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளுக்குரியது. ஆறு வருஷம் கழித்து உங்கள் கையில் இருக்கும் பொருளுக்கு அது உறுதி சொல்லாது.

கையை வீசினால், தண்ணீரை அடித்து ஊற்றினால் அழுத்தம் பல மடங்காகிவிடும் என்று பலர் சொல்வார்கள். தொழில் பழகிய காலத்தில் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. அரை மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் அரை மீற்றர் ஆழத்து அழுத்தத்துக்குச் சமம். வினாடிக்கு 3 மீற்றர் வேகத்தில் கையை வீசி நீந்துகிறவருக்கும் ஏறத்தாழ அதே அளவுதான் கூடும். வாகனம் கழுவும் இடத்தில் பீய்ச்சும் இயந்திரம் வேறு கதை, அதற்குப் பக்கத்திலேயே போகக் கூடாது. ஆனால் வாளித் தண்ணீர் ஒரு நல்ல 30 மீற்றர் மணிக்கூட்டை ஒன்றும் செய்யாது. கெடுப்பது வேறு.

கிணற்றுக்கட்டு வெயிலில் கிடந்த மணிக்கூட்டின் கூடு 60 பாகை வரை சுட்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காற்று விரிந்து, பழைய றப்பர் வளையத்தின் இடுக்கால் கொஞ்சம் வெளியே போய்விடும். அந்தச் சூட்டோடு எடுத்து 30 பாகைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். உள் அழுத்தம் நூற்றுக்கு ஒன்பது அளவு குறையும். கிட்டத்தட்ட ஒரு மீற்றர் ஆழத்துக்குரிய இழுவை அது. வாளி அடிப்பதைவிட இரண்டு மடங்கு. மணிக்கூடு தானே தண்ணீரை உறிஞ்சிக் குடித்துவிடும். வளையம் புதிதாக இருந்தால் காற்றும் வெளியே போகாது, தண்ணீரும் உள்ளே வராது.

அந்த வளையத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண மணிக்கூட்டுக்கு மூன்று இடங்களில் அடைப்பு வேண்டும்: கண்ணாடி ஓரம், பின்மூடி, சாவிக் குமிழ். குரோனோகிராப்புக்கு இன்னும் இரண்டு பொத்தான்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் அரிசி மணி அகலம்கூட இல்லாத ஒரு றப்பர் வளையம் இருக்கிறது. அது அசையாமல் கிடக்கும் வளையம் அல்ல. பொத்தானை அமத்தும் ஒவ்வொரு தடவையும் தண்டு அதன் மேல் உரசிக்கொண்டு போய் வரும். சிலிக்கன் கிறீஸ் இருக்கும் வரை வழுக்கும். கிறீஸ் காய்ந்து, வியர்வையும் உப்பும் தூசியும் சேர்ந்து களிம்பானால் வளையம் தேயும், தட்டையாகும், வெடிக்கும். எங்கள் ஊரில் இது சீக்கிரமாகவே நடக்கிறது. கடல் காற்று உப்பு, வியர்வை உப்பு, தீவுப் பக்கமும் கரையோரமும் பல கிணறுகளில் தண்ணீரும் உவர். அதனால்தான் எந்தக் குரோனோகிராப்பானாலும் தண்ணீருக்குள் பொத்தானை அமத்தாதீர்கள் என்று வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கூட்டுக்குள் வைத்துத் திருகிப் பூட்டும் பொத்தான் உள்ளவையாக இருந்தாலும், பூட்டிய பிறகே தண்ணீருக்குப் போக வேண்டும்.

சரி, மெல்லியதாக இருப்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

30 மில்லிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடியின் மேல் 10 பார் அழுத்தம் விழுந்தால் மொத்தப் பாரம் ஏறத்தாழ 72 கிலோ. ஒரு வளர்ந்த மனிதர் அதன்மேல் ஏறி நிற்பது போல. கண்ணாடியின் தடிப்பைப் பாதியாக்கினால் அதே பாரத்துக்கு அது எட்டு மடங்கு வளையும். பின்மூடியும் அப்படித்தான். வளைந்தால் ஓரத்து வளையம் இருக்கை விட்டு நழுவும். பொத்தான் தண்டுக்கு இரண்டு வளையம் போட வேண்டிய இடத்தில் ஒன்றுக்குத்தான் இடமிருக்கும். மறை போட்டுத் திருகும் பின்மூடிக்குப் பதிலாக அமத்தி மூடும் மூடியோ நாலு சின்ன ஆணியில் நிற்கும் மூடியோ வரும். மெல்லிய கூட்டில் தண்ணீர்க் காப்பு முடியாது என்று நான் சொல்லவில்லை. முடியும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

புல்காரி நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஒக்டோ பினிசிமோ குரோனோகிராப் இதற்கு நல்ல உதாரணம். தானாகச் சாவி ஏறும் அதன் மெசினின் தடிப்பு 3.3 மில்லிமீற்றர், முழு மணிக்கூடும் 6.9 மில்லிமீற்றர். தண்ணீர்க் காப்பு 30 மீற்றர். பிறகு அதே மெசினை வைத்து 100 மீற்றர் தாங்கும் ஒன்றை உருக்கில் செய்தார்கள். அதன் தடிப்பு 8.75 மில்லிமீற்றர். மெசின் மாறவில்லை. கூடிய ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றரும் கூட்டுக்குப் போனது. மற்றப் பக்கம் பாருங்கள்: றோலெக்ஸ் டேற்றோனா பொத்தான்களைத் திருகிப் பூட்டி 100 மீற்றர் தாங்குகிறது, தடிப்பு ஏறத்தாழ 12 மில்லிமீற்றர். ஒமேகாவின் ஸ்பீட்மாஸ்டர் புரபெஷனல் 13 மில்லிமீற்றருக்குக் கிட்ட இருந்தும் 50 மீற்றர்தான். தடித்தது எல்லாம் தண்ணீர் தாங்கும் என்று தடிப்பை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

குரோனோகிராப் மெசினே இயல்பில் தடித்தது. நேரம் காட்டும் சில்லுகளுக்கு மேல் ஓடவும் நிற்கவும் சுழியத்துக்குத் திரும்பவும் இன்னொரு தொகுதி வேண்டும். பரவலாகப் பாவிக்கும் வல்ஜூ 7750 மெசின் மட்டுமே 7.9 மில்லிமீற்றர். அதன்மேல் முள்ளு, கண்ணாடி, கீழே மூடி எல்லாம் சேர்ந்தால் 13, 14க்குப் போய்விடும். சிலர் மெல்லிய சாதாரண மெசினின் மேல் குரோனோகிராப் தட்டு ஒன்றைத் தனியாகப் பொருத்துவார்கள். பக்கவாட்டில் பார்த்தால் சாவிக் குமிழ் இரண்டு பொத்தான்களின் மட்டத்துக்குக் கீழே இறங்கி நிற்கும். அது குற்றம் இல்லை. ஆனால் அப்படிப்பட்டது பழுதானால் தட்டை முழுதாக மாற்ற வேண்டி வரலாம், வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டி வரலாம். வாங்கும்போதே தெரிந்திருப்பது நல்லது.

பற்றரியில் ஓடும் குவாட்ஸ் வகையில் மெல்லியதும் தண்ணீர் தாங்குவதும் ஒன்றாகக் கிடைப்பது சுலபம், மெசினே மெல்லியது என்பதால் கூட்டுக்குத் தடிப்பை ஒதுக்கலாம். அதிலும் வெளிச்சத்தில் சக்தி ஏறும் வகையை நான் விரும்பிச் சொல்வேன். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பற்றரிக்காக மூடி திறக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அது நின்றுபோகவும் போகாது. சாவி கொடுக்கும் மெசினில் இருக்கும் கைவேலையின் அழகு அதில் இல்லை என்பது உண்மைதான். அந்த அழகுக்காக வாங்குகிறவர்களைத் தடுக்க மாட்டேன். நானும் அந்த அழகில் மயங்கித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

மெல்லிய மணிக்கூடு யாருக்கு வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டிக்குள் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக வளர்ந்த ரசனை அது. இங்கே கலியாண வீட்டுக்குப் பட்டு வேட்டியோடு அரைக்கைச் சட்டை, கோவிலுக்கு வெறும் மேல். மறைக்க வேண்டிய பட்டியே இல்லை. ஆனால் வயதான, மெலிந்த கைகளுக்கு மெல்லியது நிச்சயமாகச் சுகம். தடித்தது ஒரு பக்கம் சரிந்து எலும்பில் இடிக்கும். அப்படியானால் 30 மீற்றர் மெல்லியதை வாங்குங்கள், அதைத் தண்ணீர் காணாத மணிக்கூடாகவே வைத்திருங்கள். குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவுக்குப் போய்வருகிறவர், கசூரினாவில் பிள்ளைகளோடு இறங்குகிறவர், ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணியில் முழுகுகிறவர் 100 மீற்றருக்குக் குறைந்ததை எண்ணவே வேண்டாம். சாவிக் குமிழ் திருகிப் பூட்டுவதாக இருக்கட்டும், பட்டி தோலாக இல்லாமல் இருக்கட்டும்.

நல்லூரில் விடியப்புறம் அங்கப்பிரதட்சணம் செய்தவர் ஒருவர், ஈர வேட்டியோடு வீதி முழுக்க உருண்டு முடித்த பிறகுதான் கையில் மணிக்கூடு இருந்ததைக் கவனித்திருக்கிறார். தண்ணீர் போகவில்லை. பொத்தானுக்கும் கூட்டுக்கும் இடையில் மணல் இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் அமத்திப் பார்த்திருக்கிறார். மணல் தண்டோடு சேர்ந்து உள்ளே போய் வளையத்தை அறுத்துவிட்டது. அமத்தாமல் கொண்டுவந்திருந்தால் கழுவிக் கொடுத்திருப்பேன்.

ஆள் மூலம் வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை. மேல் பொத்தானை அமத்தினால் நடு முள்ளோ சின்ன வட்டத்து முள்ளோ ஓட வேண்டும், மறுபடி அமத்தினால் நிற்க வேண்டும், கீழ்ப் பொத்தானுக்குச் சுழியத்துக்குத் துல்லியமாகத் திரும்ப வேண்டும். பெரிய பெயர் போட்ட போலிகள் பலவற்றில் அந்தச் சின்ன வட்டங்கள் கிழமையும் திகதியும் காட்டுபவை. பொத்தானை அமத்தினால் திகதி மாறும். சிலவற்றில் பொத்தான் வெறும் அலங்காரம். அப்படிப்பட்ட கூட்டில் 100 மீற்றர் என்று எழுதியிருந்தாலும் அதற்குள் வளையம் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

பற்றரி மாற்றக் கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: பின்மூடி வளையம் மாற்றுவீர்களா, மூடிய பிறகு அழுத்தச் சோதனை செய்வீர்களா? தண்ணீரே இல்லாமல் காற்றழுத்தத்தில் வைத்து, கூடு எவ்வளவு வளைகிறது, வளைந்தபடி நிற்கிறதா என்று பார்க்கும் கருவி இருக்கிறது. நான் அதோடு இன்னொன்றும் செய்வேன். மணிக்கூட்டை 40, 45 பாகைக்குச் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு துளி குளிர்ந்த தண்ணீர் வைத்து, ஒரு நிமிஷம் பொறுத்துத் துடைப்பேன். துளி இருந்த இடத்தில் உட்புறம் மூட்டம் தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இதை வீட்டில் அடுப்படியில் செய்து பார்க்க வேண்டாம். தண்ணீரில் பாவிக்கும் குரோனோகிராப் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்கக் கொடுங்கள். கடலுக்குப் போய்வந்தால் பொத்தான்கள் பூட்டி இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

மூட்டம் தெரிந்துவிட்டால் பொத்தான், குமிழ் எதையும் தொடாதீர்கள். தலைமயிர் காயவைக்கும் கருவியைப் பிடிக்காதீர்கள், ஈரம் ஆவியாகி மெசினுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். அரிசிப் பானைக்குள் வைப்பதிலும் பயனில்லை, மூடிய கூட்டுக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி இழுக்காது. அன்றைக்கே யாரிடமாவது கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். கடல் தண்ணீர் என்றால் அடுத்த நாள் வரை வைக்கவே கூடாது. முள்ளின் அடியிலும் உருக்குச் சில்லுகளிலும் கறள் பிடிக்க ஓர் இரவு போதும்.

ரொறன்ரோத் தம்பியின் மணிக்கூட்டைத் திறந்தபோது பின்மூடி வளையத்தில் ஒரு பக்கம் நசிந்து கிடந்தது. பற்றரி மாற்றியவர்கள் பழையதையே மறுபடி வைத்து மூடியிருக்கிறார்கள். கீழ்ப் பொத்தானின் வளையம் தட்டையாகியிருந்தது. நல்லகாலம், நல்ல தண்ணீர், அடுத்த நாளே வந்துவிட்டார்கள். மெசினைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஐந்து இடத்திலும் புதிய வளையம் போட்டு, 3 பாரில் சோதித்துக் கொடுத்தேன். அப்பா இப்போது குளிக்கப் போகுமுன் அதைச் சாமி அறைத் தட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போகிறாராம்.