சார்ஜ் என்ற சொல்லின் கதை

போனில் சார்ஜ் இல்லை என்கிறோம். சர்வீஸ் சார்ஜ் அதிகம் என்று அலுத்துக்கொள்கிறோம். போலீஸ் சார்ஜ் ஷீட் போடுகிறது. ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்பவர் இன்சார்ஜ். மின்சாரம், பணம், வழக்கு, பதவி என்று ஆளுக்கொரு பக்கம் போகிற இந்தப் பொருள்களுக்கெல்லாம் மூலம் ஒரு வண்டி.

லத்தீனில் ‘கார்ரஸ்’ என்றால் வண்டி. அதில் பாரம் ஏற்றுவது ‘கார்ரிகாரே’. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது சார்ஜ் ஆனது. கார், கார்கோ, கேரி எல்லாம் இதன் பங்காளிகள். மூக்கையும் காதையும் மிகைப்படுத்தி வரைகிற கேரிகேச்சரும் இதே குடும்பம்தான்.

ஆக, சார்ஜ் என்றால் பாரம் ஏற்றுவது. ஒருவர்மேல் பணத்தை ஏற்றினால் கட்டணம், பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு, வேலையை ஏற்றினால் பொறுப்பு. துப்பாக்கியில் மருந்து திணிப்பதற்கும் இதே சொல்தான். 1740-களின் கடைசியில் லெய்டன் சாடி என்ற கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தைச் சேர்த்து ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், அதையும் சார்ஜ் செய்வது என்றே எழுதினார். அதேபோல மின்சாரம் சேர்க்கிற கண்ணாடித் தகடுகளை வரிசையாக இணைத்து அவர் வைத்த பெயர் பேட்டரி. அதுவும் பீரங்கி வரிசையைக் குறித்த சொல்.

தமிழும் இதே பாரத்தை வைத்துத்தான் யோசித்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. குற்றத்தை நாம் ‘சுமத்து’கிறோம். பொறுப்பு என்ற சொல் ‘பொறு’ என்பதிலிருந்து வருகிறது. பொறுத்தல் என்றால் தாங்குதல், பொறை என்றால் பாரம். இன்சார்ஜுக்குப் பொறுப்பாளர் என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

அதற்காக எல்லா இடத்துக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட முடியாது. பேட்டரியில் நடப்பது மின்னேற்றம், கருவி மின்னேற்றி. எலக்ட்ரானுக்கு இயல்பாகவே இருப்பது மின்னூட்டம். இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பிரித்து எழுதுவதே நல்லது. பேட்டரி டிஸ்சார்ஜ் ஆவது மின்னிறக்கம். சார்ஜ் ஷீட் குற்றப்பத்திரிகை.

படை பாய்ந்து தாக்குவதையும் ஆங்கிலத்தில் சார்ஜ் என்பார்கள். லத்தி சார்ஜில் இருப்பது அந்தப் பொருள். அதற்குத் தமிழ் நாளிதழ்கள் எழுதுகிற ‘தடியடி’ எனக்கு மிகவும் பிடிக்கும். ஆங்கிலச் சொல்லைப் பெயர்க்கப் பார்க்காமல், நடந்ததைப் பார்த்து வைத்த பெயர் அது.